‘அங்கே சாப்பிடாமல் வந்துவிடாதீர்கள்!’

கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் எந்த ஒயின் ஆலையின் டேஸ்டிங் ரூமில் போய் நின்றாலும், இரண்டாவது கோப்பையை ஊற்றுவதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: “ராத்திரி எங்கே சாப்பிடுகிறீர்கள்?” இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், ஊற்றித் தருபவர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஓர் உணவகத்தின் பெயரைச் சொல்வார். பக்கத்தில் நிற்கிறவர்கள் தலையாட்டி ஆமோதிப்பார்கள். தங்கும் விடுதியின் வரவேற்பறையில் கேட்டாலும் பெரும்பாலும் அதே பெயர்தான் வரும். ஒரே நாளில் மூன்று பேர் சொன்ன பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

அந்தக் கேள்வி வெறும் உபசாரம் அல்ல. அதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. திராட்சைத் தோட்டங்களை வீட்டுமனைகள் விழுங்கிவிடக் கூடாது என்று 1968-ல் நாபா கவுன்டி நிர்வாகம் பள்ளத்தாக்கு நிலங்களை வேளாண் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அமெரிக்காவில் அப்படி அறிவிக்கப்பட்ட முதல் பகுதி அதுதான். 1990-ல், ஒயின் ஆலை என்றால் என்ன, அதற்குள் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று இன்னொரு விதி வந்தது. தோட்டத்து நடுவே புதிதாக உணவகம் திறக்க வழியில்லை. முன்பே இருந்தவை மட்டும் தப்பின. ஷாந்தோன் ஒயின் ஆலைக்குள் 1977-ல் தொடங்கிய உணவகம் அப்படித்தான் 2014 வரை நடந்தது. மற்றபடி சாப்பாட்டுக்கு ஊருக்குள் வந்தாக வேண்டும்: நாபா, யான்ட்வில், செயின்ட் ஹெலீனா, காலிஸ்டோகா. இந்தச் சட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அது இல்லாமல் போயிருந்தால், நெடுஞ்சாலை 29-ன் இரண்டு பக்கமும் இன்று கொடிகளுக்குப் பதில் கடைகள்தான் நின்றிருக்கும்.

ஆனால், அதன் விளைவு ஒன்றையும் கவனிக்க வேண்டும். ஒயினைக் கொடுக்கும் இடம் ஒன்று, சோறு போடும் இடம் வேறொன்று. நடுவே இருப்பது பரிந்துரை மட்டும்தான். சுமார் 50 கிலோமீட்டர் நீளமே உள்ள பள்ளத்தாக்கு. ஆலைக்காரருக்குத் தன் ஒயின் அந்த உணவகத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். உணவகத்துக்கு ஆலையிலிருந்து ஆட்கள் வர வேண்டும். விடுதிக்கு இருவரும் வேண்டும். இதில் யாரும் பொய் சொல்வதாக நான் குற்றம்சாட்டவில்லை. ஒருவரை ஒருவர் நம்பிப் பிழைக்கும் சிறிய ஊரில், சுமாரான சாப்பாட்டைச் சுமார் என்று வெளியூர்க்காரரிடம் சொல்லத் துணிகிறவர் குறைவு. அவ்வளவுதான்.

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நாபா ஒரு நாள் பயணத் தூரம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கோல்டன் கேட் பாலம், அடுத்து நாபா என்று ஒரு வரிசையே உண்டு. சென்ற இலையுதிர் காலத்தில் அறுவடை நேரத்தில், ஃப்ரீமாண்டில் வசிக்கும் நண்பர், அவர் மனைவி, கும்பகோணத்திலிருந்து வந்திருந்த நண்பரின் அம்மா ஆகியோருடன் நானும் போனேன். எங்களுக்கும் மூன்று பேர் பரிந்துரைத்திருந்த ஓர் உணவகத்தில் ஒரு மாதம் முன்பே இடம் பிடித்திருந்தோம். ஆளுக்கு நூற்றைம்பது டாலருக்கு மேல், முன்பணமாகவே கட்டியாகிவிட்டது. அம்மா சைவம் என்பதையும் பதிவு செய்யும்போதே எழுதியிருந்தார் நண்பர். உணவகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தக் கட்டுரையில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் உணவகங்கள் எதுவும் அது இல்லை.

இடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல் சுவர், தாழ்வான விளக்கு, ஜன்னலுக்கு வெளியே பழுத்துக்கொண்டிருந்த கொடிகள். ரொட்டி வந்தது. ஆறியிருந்தது. வெண்ணெய் கத்தி இறங்காத அளவுக்குக் கெட்டியாக இருந்தது. முதல் கோர்ஸில், கேரட் விழுதின் மேல் வறுத்த கேரட் மூன்று. வெளியே கருகல், உள்ளே பச்சை. அது போன பிறகு முக்கால் மணி நேரம் எதுவும் வரவில்லை. எங்களுக்கு வாத்து இறைச்சி வந்தது. தோல் மொறுமொறுப்பாக இருக்க வேண்டியது துவண்டு கிடந்தது. அம்மாவின் தட்டில் மறுபடியும் அதே கேரட் விழுது, அதன் மேல் காளான் கலந்த ரிசோட்டோ.

“ஏம்ப்பா, கேரட்டுக்குப் பின்னாடியும் கேரட்டா?” என்று மகனிடம் மெதுவாகக் கேட்டார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு முள்கரண்டியை வைத்துவிட்டார். “அரிசி நடுவுல வேகவே இல்லைப்பா. பல்லுல மாவா ஒட்டுது.”

நானும் எடுத்துப் பார்த்தேன். ரிசோட்டோ நம்மூர்ச் சோறு போலக் குழைய வேண்டியதில்லை. பருக்கையின் நடுவே லேசான பிடிமானம் இருக்க வேண்டும் என்பதுதான் இத்தாலியப் பக்குவம். தட்டைச் சாய்த்தால் மெல்ல அலைபோல் நகர வேண்டும். இது அசையாமல் கட்டியாக நின்றது. மேலே கஞ்சி பூத்து, உள்ளே சுண்ணாம்புத் துண்டு போல வெள்ளையாக ஒரு புள்ளி. பெரிய சமையலறைகளில் இந்த அரிசியை முன்கூட்டியே முக்கால் பதம் வேகவைத்து, தட்டில் பரப்பி ஆறவைத்து, ஆர்டர் வந்ததும் சூடான சாற்றை ஊற்றி முடிப்பார்கள். அது தவறில்லை. கடைசிச் சில நிமிடங்களை அவசரப்படுத்தினால் இப்படித்தான் ஆகும்.

சர்வரை அழைத்து, அரிசி வேகவில்லை, கேரட்டும் இரண்டாம் முறை வருகிறது என்று நண்பர் பணிவாகவே சொன்னார். வந்த பதில், “எங்கள் செஃப் இப்படித்தான் செய்வார்.” அதாவது, சாப்பிடத் தெரியாதவர்கள் நாங்கள். எழுபது வயதுப் பெண்மணி, வாழ்நாள் முழுவதும் அரிசியோடு புழங்கிய கை, வேகவில்லை என்கிறது. அதைச் சமையலறைக்குப் போய்ச் சொல்லக்கூட அந்த இளைஞர் தயாராக இல்லை. அடுத்த மேஜையில் உட்கார்ந்தவர்களும் பாதித் தட்டை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர்களிடம் போய் “எல்லாம் பிரமாதமாக இருக்கிறதா?” என்று நடந்தபடியே அவர் கேட்டதும், “பிரமாதம்” என்றார்கள்.

பில்லில் 20 சதவிகிதம் சேவைக் கட்டணம் ஏறியிருந்தது. அதற்குக் கீழே டிப்ஸுக்குத் தனியாக ஒரு கோடு. மெனுவின் அடியில் அது அச்சிட்டிருந்தது உண்மைதான். மறைமுகக் கட்டணங்களைத் தடுக்கும் சட்டம் கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, தெளிவாகத் தெரியும்படி எழுதினால் போதும் என்று உணவகங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் டிப்ஸைக் காரணம் காட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைக்கவும் முடியாது. இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு பில்லைப் பார்ப்பது நல்லது.

இந்தப் பள்ளத்தாக்கு முன்பு இப்படி இருந்ததில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பர்ரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வணிகர் ஒரு போட்டி நடத்தினார். பாட்டிலின் பெயரை மறைத்து ஊற்றினார்கள். பிரெஞ்சு நடுவர்களே மதிப்பெண் போட்டார்கள். சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப், வெள்ளையில் ஷாத்தோ மோன்டலீனா, இரண்டும் நாபா ஆலைகளின் ஒயின்கள், முதலிடம் பெற்றன. நாபாவின் உலகப் புகழ் அங்கே தொடங்கியது. பெயரை மறைத்து, நாக்கை மட்டும் நம்பிச் சொன்ன தீர்ப்பு அது. அப்படிப் பிறந்த புகழின் நிழலில் இன்று பெயரை மட்டும் நம்பிச் சாப்பிடுகிறோம்.

இரண்டு வருடம் கழித்து, 1978-ல், யான்ட்வில்லில் ஒரு பழைய கல் கட்டடத்தில் சாலி ஷ்மிட் என்ற பெண்மணி கணவர் டானுடன் சேர்ந்து ஓர் உணவகம் ஆரம்பித்தார். முன்பு மதுக்கடையாகவும் பிறகு சலவைக்கூடமாகவும் இருந்த கட்டடம். அதனால் ‘ஃபிரெஞ்ச் லாண்டரி’ என்றே பெயர். ஒரு இரவுக்கு ஒரே மெனு. தொடக்கத்தில் ஐந்து கோர்ஸ் சாப்பாடு பன்னிரண்டரை டாலர். உட்கார்ந்தவர்களுக்கு அந்த மேஜை இரவு முழுக்கச் சொந்தம். நடுவில் எழுந்து தோட்டத்தில் உலாவிவிட்டு வரலாம். பக்கத்து நிலத்தில் என்ன விளைந்ததோ அதுதான் அன்றைய சமையல். 1994-ல் அவர்கள் அதைத் தாமஸ் கெல்லருக்கு விற்றார்கள். 2006-ல், உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிஷ்லின் கையேடு முதன்முறை இந்தப் பகுதிக்கு வந்தபோது அதற்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது. உலகம் கெல்லரைக் கொண்டாடியது, அது நியாயம். ஆனால், சாலி ஷ்மிட் 2022-ல் 90 வயதில் மறைந்தபோதுதான் பலருக்கு அவர் பெயரே தெரிய வந்தது. இந்த ஊரின் விருந்தோம்பல் எங்கிருந்து தொடங்கியது என்று யாராவது கேட்டால், நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

நல்ல பெயர் எடுத்த இடங்கள் எப்படிச் சறுக்குகின்றன? முதல் காரணம், பரிந்துரைத்தவர் சாப்பிட்டதும் நாம் சாப்பிடுவதும் ஒரே சாப்பாடு அல்ல. இதை நிரூபித்தவர் ரூத் ரைஷல். 1993-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ உணவு விமர்சகராகச் சேர்ந்த அவர், நகரத்தின் பெரும்பெயர் பெற்ற ‘லெ சர்க்’ உணவகத்துக்கு மாறுவேடத்தில் போனார். காக்கவைத்தார்கள், மோசமான மேஜை கொடுத்தார்கள். பிறகு விமர்சகர் என்று அடையாளம் தெரியும்படி போனார். காத்திருக்கவே தேவையில்லை. தட்டில் வந்த ராஸ்ப்பெர்ரிகள்கூடப் பெரிதாகிவிட்டன. இரண்டு அனுபவத்தையும் அருகருகே எழுதி, நான்கு நட்சத்திரத்தை மூன்றாகக் குறைத்தார். நாபாவில் டேஸ்டிங் ரூமில் வேலை செய்பவர் ‘நம்ம ஆள்’. அவர் போனால் சமையலறையிலிருந்து கூடுதலாக ஒரு தட்டு வரும், செஃப் வெளியே வந்து கைகுலுக்குவார். அவர் நமக்குச் சொல்வது அவருடைய அனுபவம். அதில் அவர் நேர்மையாகத்தான் இருக்கிறார்.

இரண்டாவது, சமையலறை மாறுகிறது, பேச்சு மாறுவதில்லை. செஃப் போய்விடுவார், அவரோடு நான்கு பேர் போவார்கள். பெயர்ப்பலகையும் பழைய பாராட்டும் அங்கேயே இருக்கும். நாபாவில் இது இன்னும் கடுமை. அடுப்படியில் நிற்பவரின் சம்பளத்தில் செயின்ட் ஹெலீனாவில் வீடு எடுக்க முடியாது. வலேஹோ, ஃபேர்ஃபீல்டு என்று வெளியூர்களிலிருந்து ஒவ்வொரு நாளும் காரில் வருகிறார்கள். 2017-ல் காட்டுத் தீ, 2020-ல் கொரோனா, அதே வருடம் செப்டம்பரில் மறுபடி தீ. மூன்று நட்சத்திரம் பெற்றிருந்த மெடோவுட் உணவகமே அந்தத் தீயில் எரிந்துபோனது. அனுபவப்பட்ட கைகள் பல அப்போது ஊரைவிட்டே போயின. அறுவடைக் காலத்தில் கூட்டம் இரட்டிப்பாகும், ஆட்கள் அதே ஆட்கள். அந்த வேகாத அரிசிக்குப் பின்னால் எட்டு மணி நேரமாக நின்றுகொண்டிருக்கும் ஒரு சமையல்காரர் இருந்திருக்கலாம். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் போய்ச் சொல்ல மறுத்த முறைமீதுதான் கோபம்.

மூன்றாவது, பணம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். டயர் நிறுவனமான மிஷ்லின் கையேடு வெளியிடத் தொடங்கியதே டயர் விற்பதற்காகத்தான். 1900-ல் இலவசக் கையேடு, 1926-ல் முதல் நட்சத்திரம். இன்றும் அதன் சோதகர்கள் பெயர் சொல்லாமல் போய், காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால், 2019-ல் கலிஃபோர்னியா முழுமைக்குமான கையேடு வெளிவந்தபோது, மாநிலத்தின் சுற்றுலா அமைப்பு அதற்கு ஆறு லட்சம் டாலர் கொடுத்தது. நட்சத்திரத்தை விலைக்கு வாங்கினார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. சோதகர் எந்த ஊருக்கு வருகிறார் என்பதில் பணத்துக்கும் பங்கு உண்டு என்பதே பொருள்.

ஒயின் உலகத்தில் இதைவிடக் கூர்மையான சோதனை ஒன்று நடந்தது. ராபின் கோல்ட்ஸ்டீன் என்ற எழுத்தாளர், இத்தாலியின் மிலான் நகரில் ‘லின்ட்ரெபிடோ’ என்ற ஓர் உணவகத்தைக் கற்பனையில் உருவாக்கினார். மெனு, ஒயின் பட்டியல், 250 டாலர் கட்டணம் ஆகியவற்றை, உணவகங்களின் ஒயின் பட்டியலுக்கு விருது தரும் ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகைக்கு அனுப்பினார். பட்டியலின் விலை உயர்ந்த பகுதியை, அதே பத்திரிகை மிகக் குறைந்த மதிப்பெண் கொடுத்த ஒயின்களால் நிரப்பியிருந்தார். விருது கிடைத்தது. 2008-ல் அவர் இதை வெளியில் சொன்னபோது, தாங்கள் திட்டமிட்டு ஏமாற்றப்பட்டோம் என்றது பத்திரிகை. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் விருதைப் பார்க்கும்போது, யாராவது அங்கே வந்து சாப்பிட்டுவிட்டுக் கொடுத்ததா என்று கேட்பது நம் உரிமை.

இணைய நட்சத்திரங்களின் கதை தெரிந்ததுதான். ‘யெல்ப்’ விமர்சனத் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் உணவகத்தின் வருமானம் 5 முதல் 9 சதவிகிதம் வரை கூடுகிறது என்று ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூகா கணக்கிட்டார். அவ்வளவு பணம் புரளும் இடத்தில் போலி விமர்சனம் வராமல் இருக்குமா? போலி விமர்சனங்களை எழுதுவதையும் விற்பதையும் தடை செய்யும் விதியை அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2024-ல்தான் கொண்டுவந்தது.

நம் பக்கத்துக் குறை ஒன்றையும் சொல்ல வேண்டும். பகல் முழுக்க மூன்று ஆலைகளில் சுவைத்துவிட்டுப் போகிற நாக்கு களைத்துத்தான் இருக்கும். நாபாவின் கேபர்னே என்ற சிவப்பு ஒயினில் ஆல்கஹால் 14, 15 சதவிகிதம். அதன் துவர்ப்பு நாக்கை உலர்த்திவிடும். அந்த நாக்குக்கு மென்மையான சமையல் சப்பென்றுதான் தெரியும். நாபாவில் நல்ல சாப்பாடு சாப்பிட வேண்டுமானால், பகலில் ஒரே ஒரு ஆலை போதும் என்பேன். ஆனால், எங்கள் மேஜையில் முதலில் குறை சொன்ன அம்மா அன்று தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்கவில்லை.

ஒயின் உலகத்தில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. பாட்டிலைத் திறந்ததும் கோப்பையில் இரண்டு மடக்கு ஊற்றி, ஆர்டர் கொடுத்தவரிடம் நீட்டுவார்கள். பலர் அதைச் சடங்கு என்று நினைத்துத் தலையாட்டிவிடுகிறார்கள். சடங்கு இல்லை, அது ஒரு சோதனை. டி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு வேதிப்பொருள் தக்கையில் இருந்தால், ஒயின் நனைந்த அட்டைப்பெட்டி போல வாடை அடிக்கும். அப்படி அடித்தால், எத்தனை விலையானாலும், அந்த பாட்டிலைத் திருப்பி அனுப்பலாம். முறையான சர்வர் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டு போய் வேறு கொண்டுவருவார். கோப்பைக்குக் கொடுத்திருக்கும் இந்த மரியாதையைத் தட்டுக்கும் கொடுக்க வேண்டும். அரிசி வேகவில்லை என்றால் அதுவும் பழுதுதான். கோப்பையில் ஊற்றிய சிவப்பு ஒயின் அறைச் சூட்டுக்கு வெதுவெதுத்துப்போய் ஆல்கஹால் நெடி மட்டும் வந்தால் அதுவும் பழுதுதான். அது 16 முதல் 18 டிகிரியில் இருக்க வேண்டிய பானம். உணவகங்கள் ஒரு கோப்பைக்கு வாங்கும் விலை, பல நேரம் அந்த முழு பாட்டிலை அவர்கள் வாங்கிய மொத்த வியாபார விலைக்குச் சமம். கேட்கக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

குறையைக் கேட்டுக்கொள்வதால் பெரிய இடங்கள் சிறுத்துவிடுவதில்லை. 2016 ஜனவரியில், கெல்லரின் நியூயார்க் உணவகமான ‘பெர் சே’யை ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் பீட் வெல்ஸ் கடுமையாக விமர்சித்து நான்கு நட்சத்திரத்தை இரண்டாக்கினார். கெல்லர் சண்டைக்குப் போகவில்லை. குறை நேர்ந்ததை ஏற்று, வாடிக்கையாளர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். உலகப் புகழ்பெற்ற சமையல் கலைஞர் ஒருவர் அதைச் செய்ய முடியுமானால், பள்ளத்தாக்கின் ஒரு சர்வர் வேகாத ஒரு தட்டை உள்ளே எடுத்துப் போகலாம். பத்து நிமிடத்தில் புதிதாகச் செய்து கொடுத்திருந்தால், அந்த அம்மா ஊருக்குப் போய் அந்த உணவகத்தைப் பற்றிப் பத்துப் பேரிடம் நல்லவிதமாகச் சொல்லியிருப்பார்.

வாசகர்களே, உங்களில் பலர் வெளிநாட்டில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறீர்கள். அங்கேயே வசிப்பவர்களும் உண்டு. தட்டு சரியில்லை என்றால், வீட்டுக்கு வந்து ஒற்றை நட்சத்திரம் போடுவதற்குப் பதில், சாப்பிடும்போதே சொல்லுங்கள். எது சரியில்லை என்று திட்டவட்டமாக, சர்வரை நோகடிக்காமல் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் மேலாளரை அழைக்கச் சொல்லுங்கள். சைவம் என்று முன்பே எழுதியிருந்தால், முந்தின நாள் போன் செய்து என்ன தரப் போகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். யாராவது ஓர் உணவகத்தைப் பரிந்துரைத்தால், கடைசியாக எப்போது அங்கே சாப்பிட்டீர்கள், பில்லை யார் கொடுத்தது என்று கேளுங்கள். உங்களிடம் பிறர் கேட்கும்போதும் அந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். நன்றாக இல்லாததை நன்றாக இல்லை என்றும் சொல்லுங்கள்.